சுக்கு மலைகளுக்குப் பின்னால்

மாஷை நினைத்தால் எனக்கு அவருடைய முகம் முதலில் வருவதில்லை. பலகையில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் சுக்குத் துண்டுகளுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருக்கும் ஒரு பின்னந்தலைதான் வருகிறது. பிடரியில் நரைத்த முடி. சட்டைக் காலரில் நான் தைத்துக்கொடுத்த ஒட்டு. தலையைத் தூக்காமலே கேட்பார்:

“அம்மிணி, இங்கேருந்து நோக்கினா உன் ஆளு காணுமோ?”

“காணும், மாஷே.”

“காணாது. நீ நின்னுக்கிட்டு நோக்கறே. ஆளுக்கு ஒசரம் ஒரு மல்லி விதைதானே? குனிஞ்சு நோக்கு.”

நானும் குனிந்து பலகையில் கன்னத்தை வைப்பேன். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். நடுவே ஒரு சுக்கு மலை நிற்கும்.

எமர்ஜென்சி வந்த வருஷம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் என் கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து, துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரிக்கு வந்த பெண் நான். கணவர் ஒரு சேட்டின் மலைச்சரக்குக் கிடங்கில் மேற்பார்வை. கீழே மிளகும் சுக்கும் ஏலமும். மேலே பலகைத் தளம் போட்ட மாடியில் எங்கள் குடித்தனம். முன்பக்கம் பஜார் ரோடு, பின்பக்கம் காயல்.

“அண்ணனோட சிநேகிதர். மாஷ்னு கூப்பிட்டா போதும். ரெண்டு வாரம், அதுக்குள்ள வேற இடம் கிட்டும்” என்றார் என் கணவர். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

எதற்காகத் தேடுகிறார்கள் என்று எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஏதோ நோட்டீஸ், ஏதோ கூட்டம். பெயரைச் சொல்லாததும் என் நன்மைக்காகத்தானாம். தெரியாததை யாராலும் என்னிடமிருந்து வாங்க முடியாது அல்லவா. வந்தவர் நனைந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளறையின் நான்கு மூலைகளிலும் ஒருமுறை நின்று பார்த்தார். பிறகு ஜன்னல் கதவை ஒரு சாண் மட்டும் விட்டுச் சாத்தினார். “இது இப்படியே இருக்கட்டும், அம்மிணி” என்றார். அந்த ரெண்டு வாரம் ஒரு வருஷத்தைத் தாண்டியது. அத்தனை காலமும் அந்த ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை.

எங்கள் மாடியில் யார் நடந்தாலும் கீழே கிடங்கில் கேட்கும். பகலில் என் கணவர் கீழே எல்லார் கண்ணெதிரிலும் இருப்பார். அதனால் மேலே ஒரே ஒரு ஜோடிக் கால்தான் கேட்கலாம், அது என்னுடையது. முதல் சில நாட்கள் மாஷ் பாயிலேயே கிடந்தார். ஒருநாள் நான் அடுக்களையிலிருந்து முன்னறைக்குப் போகும்போது பின்னால் ஏதோ அசைவது போலிருந்தது. திரும்பினேன். என் கால் விழும்போது தன் காலும் விழும்படி அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் நின்றதும் அவரும் நின்றார், ஒரு காலைத் தூக்கியபடியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நீ நடந்தாத்தான் எனக்கு நடக்கலாம். இன்னும் கொறச்சு நேரம் நடக்கியா, அம்மிணி?”

அதன்பிறகு வேலை இல்லாதபோதும் நடந்தேன். அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே, வெறுங்கையோடு, ஒரு நிழலை இழுத்துக்கொண்டு. ஒரு மனிதருக்குக் காலாக இருப்பது முதலில் பெருமையாகக்கூட இருந்தது. போகப்போக அது மாறியது. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், உள்ளறையில் அவர் எழுந்து நின்று காத்திருப்பது சுவர் வழியாகத் தெரியும். ஒரு சத்தமும் இருக்காது. இருந்தாலும் தெரியும். நான் எழுந்துவிடுவேன்.

அவர் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே அதிகாரிகளுக்குப் பாடம் நடத்த ஒரு பெரிய மேசையில் மணலைக் கொட்டி, மலை, ஆறு, காடு எல்லாம் சின்னதாகச் செய்துவைப்பார்களாம். அதைச் செய்கிற வேலை இவருக்கு. பாடம் முடிந்தபிறகு சிப்பாய்கள் அதே மேசையில் பகடை உருட்டிச் சண்டை விளையாடுவார்களாம். பட்டாளத்திலிருந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலையும் டிரில்லும் சொல்லிக்கொடுத்ததால் மாஷ் ஆனார். இவ்வளவுதான் நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டது. இதையும் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை.

ஒருநாள் என் கணவரிடம் ஒரு பெட்டிப் பலகை கேட்டார். இன்னொரு நாள், கிடங்கு பெருக்கும்போது சேரும் குப்பையைக் கேட்டார். கணவர் அதைச் சோற்றுப் பாத்திரத்தில் போட்டு மேலே கொண்டுவருவார். அந்தக் குப்பையிலிருந்து மாஷ் ஒரு நாட்டையே எடுத்தார். விரல்விரலாகக் கிளைத்த சுக்குத் துண்டு மலையாயிற்று. மிளகு உதிர்த்துப்போட்ட காம்புகளைச் சேர்த்துக் கட்டினால் புதர். தலை ஒடிந்த கிராம்பு வேலிக்கால். கறுவாப்பட்டைச் சுருள் வீட்டுச் சுவர், ஏலக்காய்த் தோல் அதன் கூரை. காய்ந்த துளசிச் செடியின் கிளையை நட்டு, முற்றிய பீர்க்கங்கூட்டைப் பிய்த்து இலைச்சாற்றில் தோய்த்து அதன்மேல் ஒட்டினால், கிட்டப் பார்த்தாலும் மரம்தான். தரைக்குத் தென்னைநார்த் தூள். ஆற்றுக்கு வாழைப்பட்டையின் உள்தோல். காய்ந்தபின் அது வெயில்பட்ட தண்ணீர் மாதிரி மினுங்கும். பசை மைதாவில் காய்ச்சியது. கரப்பான் தின்னாமலிருக்க அதில் துளி துரிசு, நம் மயில்துத்தம், போடுவார்.

மலைமேல் புல்லாக ஒட்டுகிற கிணற்றுச் சுவர்ப் பாசிதான் கஷ்டம் கொடுத்தது. காய்ந்தால் பொடிந்துபோகும். வெந்நீரில் கிளிசரின் கலந்து ஊறவைத்தால் மெத்தென்று நிற்கும் என்றார். நான் மருந்துக் கடைக்குப் போய்ப் பெரிய குப்பியாகக் கேட்டேன்.

“இவ்வளவு கிளிசரின் எந்தினா?” என்றார் கடைக்காரர்.

“உதடு வெடிக்குது.”

அவர் வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், குப்பியை எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மாஷின் முகம் வெளுத்துவிட்டது. கடை எந்த மூலையில், கடைக்காரர் நின்ற இடத்திலிருந்து எங்கள் படி தெரியுமா, நான் எந்தப் பக்கமாக நடந்து வந்தேன் என்று துருவித் துருவிக் கேட்டார். அந்தக் குப்பியைத் திறக்கவே இல்லை. அதன்பிறகு செய்த மலைகளெல்லாம் மொட்டையாகத்தான் நின்றன.

விளையாட்டு சாயங்காலங்களில் நடக்கும். பிளந்த புளியங்கொட்டைமேல் மூன்று மூன்றாக ஒட்டிய மிளகு அவருடைய படை, மல்லி விதை என்னுடையது. நகர்வதற்கு அளவு ஒரு ஈர்க்குத் துண்டு. சுடுவதற்குப் பகடை. ஆனால் காணாததைச் சுட முடியாது. அதுதான் அவருடைய முதல் சட்டம், கடைசிச் சட்டமும் அதுதான். நான் பொறுமை இல்லாதவள். ஆற்றைத் தாண்டித் திறந்த வெளியில் எல்லா மல்லியையும் ஓட்டிக்கொண்டு போவேன். அவர் சுக்கு மலைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்.

“வெளிச்சத்துல இப்படி வரலாமா, அம்மிணி?”

“நீங்க வெளியே வந்தா நான் ஏன் வரேன்? ஒருக்கலாச்சும் வாங்க, மாஷே!”

அவர் வந்ததே இல்லை. எத்தனையோ ஆட்டம் ஆடியிருப்போம். ஒன்றில்கூட அந்த மிளகுகள் மலையை விட்டு முன்னால் வந்ததில்லை.

அந்தக் கண் பலகையோடு நிற்கவில்லை. என் புடவை எந்தக் கொடியில் காயவேண்டும், எத்தனை தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கலாம், ரேடியோ எந்த நேரத்தில் பாடலாம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அதட்டிச் சொல்லமாட்டார். கெஞ்சுவதுபோல்தான் சொல்வார். அதனால் மறுக்கவும் முடியாது. எனக்கு நாள் தள்ளிப்போனபோது, ஊரிலிருந்து அம்மா வந்து அழைத்துப்போகிறேன் என்றாள். நான் போய்விட்டால் பகலெல்லாம் அந்த மாடியில் ஒரு கால்கூட நடக்காது. அம்மா வந்து தங்கினால் உள்ளறைக்கு என்ன பதில்? பயணம் கூடாதென்று டாக்டர் சொன்னதாக என் கணவர் ஊருக்குத் தகவல் அனுப்பினார். வளைகாப்பு இல்லாமல் போயிற்று.

“நான் போயிடறேன்” என்றார் மாஷ்.

“எங்கே போவீங்க?” என்றார் என் கணவர்.

மூன்று பேரும் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அந்தத் தெருவில் பேச்சுத்துணை ஒரே ஒருத்தி, பக்கத்து வீட்டுச் சேச்சி. மரவள்ளிக் கப்பை வேகவைத்தால் கொண்டுவருவாள். என்னோடு பேசிப்பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். ஒருநாள் நான் உள்ளறைக்குச் சாயா கொண்டுபோனபோது பலகையில் புதிதாக ஒன்று இருந்தது. மலை இல்லை, காடு இல்லை. கறுவாப்பட்டையில் எங்கள் கிடங்கு. எதிர்வரிசைக் கடைகள். படகுத்துறை. பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னல், எங்கள் மாடிப்படி. படியில் ஒற்றை மல்லி விதை நின்றது.

“இது நீ” என்றார். கன்னத்தைப் பலகையில் வைத்தார். “அந்த ஜன்னல்லேருந்து படி முழுக்க காணுது. சேச்சி மேலே வர்றது நல்லதில்லை, அம்மிணி. கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு பறஞ்சிரு.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அந்த மல்லியை விரலால் எடுத்து, தெரு வழியாக நகர்த்தி, படகுத்துறையையும் தாண்டிப் பலகையின் விளிம்பிலிருந்து கீழே தள்ளினேன்.

“இதோ, போயிட்டேன்!”

“அப்படிப் போக முடியாது. அந்த வழியில எல்லா இடத்திலேருந்தும் காணும்” என்றார், ரொம்ப நிதானமாக.

“காணட்டும்!”

அவர் விரலை உதட்டில் வைத்தார். என் குரல் உயர்ந்துவிட்டது. கீழே மூட்டை விழும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் நடக்கவில்லை. மறுநாள் சேச்சியிடம், “தலைசுத்தலா இருக்கு, கொஞ்ச நாள் தனியா கிடக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். அவள் கொண்டுவந்த கப்பைப் பாத்திரத்தோடு படியில் இறங்கிப்போனாள்.

குழந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு மத்தியானம், என் கணவர் சேட்டின் வேலையாகக் காயலுக்கு அக்கரையில் இருக்கும் எர்ணாகுளம் போயிருந்தபோது, அடுக்களையில் எனக்கு வலி எடுத்தது. உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. தரையெல்லாம் ரத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு முனகினேன். அப்போதும் சத்தம் போடவில்லை, பழகிவிட்டது. மாஷ் வாசலில் வந்து நின்றார். அந்த நேரத்திலும் நுனிக்காலில்தான் வந்தார்.

“சேச்சியைக் கூப்பிடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். படியின் பக்கம் பார்த்தார். மறுபடி என்னை. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் அந்த மனிதரை அடியோடு வெறுத்தேன்.

“மாஷே, நான் செத்துப்போவேன்.”

அவர் திரும்பினார். குதிகால் தரைப்பலகையில் முழுதாக விழ, தன் கனத்தையெல்லாம் போட்டு, முன்னறையைக் கடந்து ஓடினார். தாழ்ப்பாள் விழுந்தது. படி அதிர்ந்தது. பிறகு கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்கு ஆணையிடுகிற குரல். அது அவருடையதென்று எனக்கு உடனே புரியவில்லை.

“ஆராச்சும் மேலே வாங்க! வண்டி வேணும்! பிரசவ வலி!”

சுமைக்காரர்கள் நான்கு பேர் ஒரு கோணியில் என்னைத் தூக்கி இறக்கினார்கள். கைவண்டியில் காலிச் சாக்குகளை விரித்துப் படுக்கவைத்தார்கள். சேச்சி ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல வெயில். மாஷ் தன் மேல்துண்டை இரண்டு கையாலும் என் முகத்துக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு வண்டியோடு ஓடிவந்தார். பஜார் ரோட்டில் அத்தனை கடை, அத்தனை லாரி, அத்தனை ஜனம். ஒரு முனையில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். மாஷ் அவரை நேருக்குநேர் பார்த்துத் தலையசைத்துவிட்டு வந்தார். ஒரு வருஷத்துக்குமேல் வெயில் படாத அந்த முகம் வெளிச்சத்தில் காகிதம் மாதிரி இருந்தது.

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

சாயங்காலம் என் கணவர் ஓடிவந்தார். கட்டிலைச் சுற்றி அவர், மாஷ், சேச்சி, சுமைக்காரர்களின் தலைவரான மூப்பன். என் கணவர் மூப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

“இவரு... எங்க சொந்தக்காரர்... நேத்துத்தான் வந்தார்...”

மூப்பன் சிரித்துவிட்டார். “வேண்டாம் சாரே. ஒராளு நடந்தா மேலேருந்து இத்தனை பொடி விழுமோ? மிளகு மூட்டை பூரா பொடி. முதல் மழையிலேயே எங்களுக்கு மனசிலாச்சு.”

“எனக்கும்தான்” என்றாள் சேச்சி. “ரெண்டு பேரு உள்ள வீட்டுல மூணு பேருக்கு அரி களையறே. கழனி வெள்ளத்தைப் பார்த்தா தெரியாதா? பறஞ்சா நீ பேடிச்சுப் போவேன்னு வாய் மிண்டாதெ இருந்தேன். நீயாவே பறைவேன்னு காத்திருந்தேன், பெண்ணே.”

நான் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை காலம் ஒரு தெரு முழுக்க எங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. மாஷுக்கும் அந்த ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்து அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“எல்லார்க்கும் தெரியுமா?” என்றார்.

“எல்லார்க்கும்” என்றார் மூப்பன், பெருமையாக.

“அப்போ நான் ஒரு நாள்கூட ஒளிஞ்சிருக்கவே இல்லை.”

அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. குழந்தையின் அருகில் வந்து, குனிந்து, கன்னம் கட்டில் விரிப்பில் படுமளவு தாழ்ந்து, அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போனார். சாயா குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து வேறொரு ஊரில் அவர் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. என் கணவர் அந்தப் பலகையை உடைத்து, மலையும் காடும் தெருவும் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். வீடு முழுக்கக் கிராம்பும் கறுவாவும் மணத்தது. எங்களைத் தேடி யாராவது வருவார்களென்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. அவர் எங்கே இருந்தார், யார் சோறு போட்டார் என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்? அவர் வாய் திறக்கவில்லை.

எமர்ஜென்சி போயிற்று. எனக்குத்தான் அது போகவில்லை. ஜன்னலை ஒரு சாணுக்கு மேல் திறக்க என் கை துணியவில்லை. கடைக்குக் கணவரையே அனுப்பினேன். குழந்தை அழுதால் வாயைப் பொத்தினேன். சேச்சி மேலே வந்தால் வாசலில் நிறுத்தியே பேசி அனுப்பினேன். “எந்தினா பெண்ணே, இனி ஆரெ ஒளிக்கறே?” என்று அவள் கேட்டாள். எனக்கே தெரியவில்லை. மகள் நடக்கத் தொடங்கியபோது, நான் சொல்லாமலே, நுனிக்காலில் நடந்தாள்.

அவளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, ஒரு பகல் வேளையில் கீழேயிருந்து மூப்பன் உரக்கக் கூப்பிட்டார். இறங்கிப் பார்த்தால், கிடங்கு வாசலில், ரோட்டைப் பார்த்தபடி, ஒரு மூட்டைமேல் மாஷ் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். சாயா கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

“மேலே வாங்க, மாஷே.”

“வேண்டாம், அம்மிணி. அங்கே மட்டும் கூப்பிடாதே.”

மகள் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டு, நுனிக்காலில் நின்று எட்டிப்பார்த்தாள். அவர் அந்தப் பாதங்களை வெகுநேரம் பார்த்தார். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டார்.

“எப்பவும் இப்படித்தான் நடக்கறாளா?”

நான் புடவையை இழுத்து அவள் பாதங்களை மூடினேன்.

“நீ எப்போ கடைசியா எர்ணாகுளம் போனே?”

அவர் எழுந்தார். “வா. எனக்கு அக்கரைக்குத்தான் போகணும். படகு வரைக்கும், வேண்டாம், அக்கரை வரைக்கும் கூட வா. குட்டியையும் எடுத்துக்கோ.”

“இவர்கிட்டே சொல்லலையே...”

“நான் பறஞ்சுக்கறேன், நீ போ” என்றார் மூப்பன். சேச்சி அவள் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு குடையை நீட்டினாள்.

படகில் கூட்டம் இல்லை. மாஷ் நடுவில் உட்காரவில்லை, மறைவாகவும் உட்காரவில்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு முன்னால், காற்று மோதுகிற இடத்தில் போய் நின்றார். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன். நாலாபுறமும் தண்ணீர், எங்கிருந்து பார்த்தாலும் நாங்கள் தெரிவோம். மகள் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எங்களைச் சமாதானப்படுத்தவில்லை. கப்பல்களைக்கூடக் காட்டவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

எர்ணாகுளம் துறையில் அவர் இறங்கினார். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை, எங்கே போகிறார் என்றும் சொல்லவில்லை. மடங்காத விரல்களோடு மகளின் தலையைத் தொட்டார். ஜனங்களுக்கு நடுவே, அவசரமில்லாமல், நேராக நடந்து போனார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

திரும்பும் படகில் நானும் மகளும் மட்டும் ஒரு பெஞ்சில். பாதி வழியில் அவள் என் கழுத்தை விட்டாள். பிறகு மடியிலிருந்து இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தபோது ‘ஆ’ என்று ஒரு கத்தல் கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கை அவள் வாயை நோக்கிப் போனது. பாதியில் நின்றுவிட்டது.

படகு மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தது. எல்லாரும் இறங்கினார்கள். டிக்கெட் கொடுக்கிறவர் எங்களைப் பார்த்து, “இறங்கலையா?” என்று கேட்டார்.

“இல்லை. அக்கரைக்கு இன்னொரு டிக்கெட்” என்றேன்.